காரணம் சொல்லாமல் நீட்டிய மிட்டாய்ப் பெட்டி

மார்ச் மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் நெவேனாவுக்கு உன் அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை போட்டுக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம், அப்பாவின் கட்டைவிரல் ஒன்றைத் தவிர, அதைப் பிறகு சொல்கிறேன். நீயும் நோர்வேயின் அந்த ஈரக் குளிரில் காதை மூடிக்கொண்டு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் சுகமாக இருக்கவேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நீ உன் ஹெட் நர்ஸ் ரக்ன்ஹில்ட் என்று ஆரம்பிக்கிறாய், எனக்கு வயிறு எரிகிறது, அடுப்பில் என்னவோ தீய்கிறது என்று பொய் சொல்லிப் போனை வைத்துவிடுகிறேன். நம் வீட்டு அடுப்பில் நிஜமாகவே இவ்வளவு தீய்ந்திருந்தால் உன் அப்பா இந்நேரம் எலும்பும் தோலுமாகியிருப்பார். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுத்தான் ஆகவேண்டும். இதோடு மார்ச் பிறந்ததும் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு மார்தெனித்சா வைத்திருக்கிறேன், சிவப்பு நூலும் வெள்ளை நூலும் நானே முறுக்கியது. மார்ச் முதல் தேதிக்கு வந்து சேராது என்று தெரிந்துதான் முறுக்கினேன். ஆனால் முதல் தேதியன்றே நீ அனுப்பிய போட்டோவில் உன் சட்டையில் ஒன்று தொங்கியது, பக்கத்தில் நின்ற ரக்ன்ஹில்ட்டின் சட்டையிலும் ஒன்று தொங்கியது. நீ அவளுக்கு முறுக்கிக் கொடுத்தாயாம், அவள் உனக்கு முடிச்சுப் போட்டுக் குத்திவிட்டாளாம். நீ பிறந்த வருஷத்திலிருந்து உனக்கு மார்தெனித்சா கட்டிவிட்டவள் நான். அப்பாவின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன், அவள் போட்ட முடிச்சு சரியாகவே விழவில்லை.

கட்டைவிரல் கதை பெரிய கதை ஒன்றுமில்லை. பிப்ரவரியில் திராட்சைக் கொடி வெட்டுகிற திருநாளில் எல்லோரும் கொடியை வெட்டிவிட்டுக் குடிப்பார்கள், உன் அப்பா குடித்துவிட்டு வெட்டினார். கட்டுப் போட அறுவை சிகிச்சை வார்டுக்குப் போகாமல் நேராக என் இருதய வார்டுக்கு வந்து நின்றார், அங்கே போனால் சிரிப்பார்கள், இங்கே நீ திட்டத்தானே செய்வாய் என்றார். இப்போது ஆறிவிட்டது, ஆனாலும் தோட்டத்தில் மண்வெட்டி எடுக்கச் சொன்னால் மட்டும் வலிக்கிறதாம். சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் லீவு நீட்டிக்கிற தாள் ஏன் இன்னும் வரவில்லை என்று நீ போன வாரம் போனில் கேட்டாய், நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். நீ பல்கேரியாவை விட்டுப் போன நாளிலிருந்து வருஷா வருஷம் உன் பெயரில் சம்பளமில்லாத லீவு எழுதி, உன் கையெழுத்துக்கு அனுப்பி வாங்கி, பெரிய டாக்டரிடம் நின்று வாதாடி, நம் வார்டில் உன் இடத்தை உனக்காகவே பிடித்து வைத்திருந்தேன். நீயும் அம்மா மனசு நோகக்கூடாதென்று கையெழுத்துப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தாய். இந்த முறை அந்தத் தாள் வராது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன், கோபப்படாமல் படி, கோபம் வந்தாலும் முழுதும் படி.

முதலில் என் பொறாமையைச் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. எனக்கு உன் ஹெட் நர்ஸ் மேல் பொறாமை. பெயரைச் சொன்னாலே தொண்டையில் மீன்முள் சிக்கின மாதிரி இருக்கிறது, அது வேறு. நானும் ஹெட் நர்ஸ்தான், நீ என் கீழேயும் வருஷக்கணக்கில் வேலை பார்த்தவள்தான், ஒரு நாளாவது என்னைப் பற்றி வெளியே யாரிடமாவது இப்படிப் பூரித்துப் பேசியிருப்பாயா. டியூட்டி போடும்போது யாருக்கு எந்த ஷிப்ட் வேண்டும் என்று அவள் கேட்டுப் போடுகிறாளாம். வேலை முடிந்ததும் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, இன்றைக்கு எது பாரமாக இருந்தது என்று ஒவ்வொருவராகக் கேட்பாளாம். வெள்ளிக்கிழமை தவறாமல் வாஃபிள் சுட்டுப் போடுவாளாம், அதன்மேல் பழுப்பு நிறத்தில் இனிக்கிற ஏதோ பாலாடைக்கட்டியாம், கேட்கவே எனக்குச் சகிக்கவில்லை. உன் கண் சிவந்திருக்கிறது, இரண்டு நாள் வீட்டில் இரு என்று அவளாகவே உன்னை அனுப்பினாள் என்று நீ சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரத்தை அளக்க முடியாது. உன் கண் சிவந்தால் எனக்குத் தெரியாதா. தெரியும், எனக்கும் தெரிந்திருந்தது, ஆனால் உன்னை வீட்டுக்கு அனுப்பினால் அந்த நைட் டியூட்டிக்கு யார் வருவார்கள் என்பதும் சேர்ந்தே தெரிந்திருந்தது. போன இலையுதிர்காலத்தில் அந்தக் கிழ நோயாளி உன் கையைப் பிடித்தபடியே கண்ணை மூடினாரே, அன்று அவள் உன் பக்கத்தில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள் என்றாய். நீ எனக்குப் போன் செய்து அழுதபோது நான் சொன்னது, அப்படித்தான் ஆகும் கண்ணு, நீ சாப்பிட்டாயா என்று. அதுவும் அன்புதான், உனக்கே தெரியும். ஆனால் உனக்கு இனித்தது அவளுடைய அன்பு. நீ அனுப்பிய வாஃபிள் போட்டோவையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், அவள் கை உன் தோளில் இருக்கிறது, பூச்சு ஒன்றும் இல்லாத முகம், சிரித்தால் நன்றாகத்தான் இருக்கிறாள். அதுவும் பிடிக்கவில்லை.

இங்கே வார்டு இருக்கிற நிலையில் இந்தக் கதைகளைக் கேட்பது பட்டினி கிடப்பவன் கல்யாண விருந்தைப் பற்றிக் கேட்பது மாதிரி. அங்கே நீங்கள் அதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறீர்கள், வேலையில் கருகிப்போவது என்று. எங்கள் காலத்தில் அதற்குப் பெயர் திங்கட்கிழமை. ஆனால் இந்தக் குளிர்காலத்தில் எனக்கே அந்தச் சொல் பொருத்தமாகத்தான் பட்டது. யாரும் யாரோடும் பேசுவதில்லை, வந்ததும் கோட்டைக் கொக்கியில் மாட்டுவார்கள், போகும்போது கோட்டை எடுப்பார்கள், நடுவில் மணி அடித்தால் ஓடுவார்கள். தலைநகரிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பினார்கள், எங்களை உற்சாகப்படுத்தவாம். மூச்சை இழுத்து விடச் சொன்னாள், பிறகு ஆளுக்கொரு தாள் கொடுத்து, உங்கள் மனசுக்குள் இருக்கிற சூரியனை வரையுங்கள் என்றாள். நம் கின்கா, என் வயசுக்காரி, அவள் நாக்குதான் உனக்குத் தெரியுமே, ஒரு கட்டிலை வரைந்து கொடுத்தாள். இதுக்குள்ள சூரியன் எங்கேம்மா இருக்கு என்று அந்தப் பெண் கேட்டதற்கு, போர்வைக்குள்ள தூங்குது கண்ணு, எழுப்பாத என்றாள். சிரித்தோம், அதோடு சரி. அடுத்த வாரமே கிரெமெனா ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாள். நீ இருந்தபோது புதிதாகச் சேர்ந்து உன் பின்னாலேயே சுற்றினாளே, அதே கிரெமெனா, இப்போது இரண்டு பிள்ளைக்குத் தாய். புதுக் கடைவீதியில் முகப்பவுடர் விற்கிற கடைக்குப் போகிறாளாம். அவளும் போனால் மேலே நுரையீரல் வார்டோடு நம் வார்டைச் சேர்த்துவிடுவோம், ஆள் இல்லாமல் கட்டில் மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அதாவது வார்டே போய்விடும், அதோடு நான் உனக்காகப் பிடித்து வைத்திருந்த இடமும் போய்விடும். எனக்குப் பயம் அதில்தான்.

அப்போதுதான் எனக்கு ஒரு வீம்பு வந்தது. அந்த ரக்ன்ஹில்ட் என்ன மந்திரமா போடுகிறாள், மாவைக் கரைத்துச் சுட்டுப் போடுகிறாள், அவ்வளவுதானே. அவள் வாஃபிள் போட்டால் நான் பனித்சா போடுவேன், என் பனித்சாவுக்கு முன்னால் எந்த வாஃபிள் நிற்கும். வெள்ளிக்கிழமை விடியும் முன்பே எழுந்து, மெல்லிய மாவுத் தாள்களில் வெண்ணெய் தடவி, வெள்ளைப் பாலாடைக்கட்டி வைத்து, இரண்டு தட்டு நிறையச் சுட்டேன். போகிற வழியில் ஒரு பெரிய மிட்டாய்ப் பெட்டியும் வாங்கிக்கொண்டேன். வார்டில் நுழைந்ததும் பெட்டியைத் திறந்து கின்காவிடம் நீட்டினேன். அவள் ஒன்றை எடுத்தாள், வாயில் போடவில்லை, என்ன விசேஷம் வசில்கா என்று கேட்டாள். ஒண்ணுமில்ல, சும்மாதான் என்றேன். அவள் மிட்டாயைக் கையிலேயே வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். நீ அங்கே போய் மறந்திருந்தாலும் மறந்திருப்பாய், இங்கே பிறந்தநாளானால் பிறந்தநாள்காரி கொடுப்பாள், புனிதரின் பெயர்த்திருநாளானால் அந்தப் புனிதரின் பெயர் வைத்தவள் கொடுப்பாள், பேரன் பிறந்தால், கார் வாங்கினால், வேலையை விட்டுப் போனால் கொடுப்பாள். சும்மா யாரும் பெட்டியை நீட்டுவதில்லை. என் பெயர்த்திருநாள் ஜனவரி முதல் தேதியே முடிந்துவிட்டது, அன்று வார்டு முழுக்கக் கொடுத்தும் ஆயிற்று. இதை நான் யோசிக்கவே இல்லை, அவளை மிஞ்சவேண்டும் என்கிற வெறியில் கண் மறைத்துவிட்டது. அதோடு நிறுத்தினேனா, இல்லை. அடுத்த மாத டியூட்டிக்கு யாருக்கு எந்த ஷிப்ட் வேண்டும், சொல்லுங்கள் என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வியை அவர்கள் கேட்டதே இல்லை. வேலை முடிந்ததும் வட்டமாக உட்காரவைத்து, இன்றைக்கு எது பாரமாக இருந்தது, மனசு விட்டுப் பேசுங்கள் என்றேன். ஆளாளுக்குத் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். கடைசியில் கின்கா, எங்களுக்கு ஒண்ணும் பாரமில்ல வசில்கா, நீ நிம்மதியா இரு என்றாள், சாகக் கிடக்கிறவளிடம் சொல்கிற குரலில். கிரெமெனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கோ உள்ளுக்குள் ஒரே பெருமை, பார்த்தாயா ரக்ன்ஹில்ட், என் பெண்கள் ஒரே நாளில் உருகிவிட்டார்கள் என்று.

திங்கட்கிழமை போனால் ஆஸ்பத்திரியே என்னைக் கட்டிப் பிடிக்கிறது. ரத்தப் பரிசோதனைப் பெண்கள் வந்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்கள். வாசல் காவல்காரர் என் காரை விற்பதாயிருந்தால் தன் மச்சானிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விற்கச் சொன்னார். அறுவை சிகிச்சை வார்டின் ஹெட் நர்ஸ், இருபது வருஷமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவள், படியில் நிறுத்தி, பொண்ணு பக்கத்துல போய் இருக்கறதுதான் சரி, அங்க குளிருக்கு நல்ல கம்பளிச் சட்டையா எடுத்துட்டுப் போ என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் உன் அப்பா வாசலிலேயே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நிற்கிறார். நோர்வேக்குப் போறதை எங்கிட்ட எப்ப சொல்றதா உத்தேசம், பேக்கரிக்காரன் பொண்டாட்டி வீட்டை என்ன விலைக்குக் கொடுக்கறீங்கன்னு கேக்கறா என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சும்மா கொடுத்த அந்தப் பெட்டிக்கு அவர்களே ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். நான் வேலையை விட்டுவிட்டு உன்னிடம் வந்துவிடப் போகிறேன், பிரிகிற நேரத்தில் மனசு இளகி எல்லோருக்கும் நல்லவளாகப் பார்க்கிறேன் என்று ஊர் முழுக்கப் பேச்சு. உன் அப்பாவைச் சமாதானப்படுத்த மிச்சமிருந்த பனித்சாவைச் சுடவைத்துக் கொடுக்கவேண்டியிருந்தது.

இதைக் கேட்டு நீ சிரிப்பாய், சிரி. நானும் மறுநாள் சிரித்துக்கொண்டேதான் போனேன், எல்லோரையும் கூட்டி, அடி பைத்தியங்களா, நான் எங்கே போகப்போகிறேன் என்று சொல்லிக் கேலி செய்யலாம் என்று. ஆனால் வார்டுக்குள் நுழைந்தபோது ஒரு சத்தம் கேட்டது. பாட்டு. கிரெமெனா டிரிப்ஸ் மாற்றிக்கொண்டே பாடுகிறாள், அந்தக் கோடி அறையிலிருந்து இன்னொருத்தி சேர்ந்து பாடுகிறாள், கின்கா தட்டைத் தட்டித் தாளம் போடுகிறாள். நீ போன பிறகு அந்த வார்டில் நான் பாட்டே கேட்டதில்லை. மனசு குளிர்ந்திருக்கவேண்டும் இல்லையா, எனக்கு எரிந்தது. நான் போகிறேன் என்றால் இவ்வளவு சந்தோஷமா. ரக்ன்ஹில்ட் இருப்பதால் அங்கே சிரிக்கிறார்கள், நான் இல்லாமல் போவதால் இங்கே பாடுகிறார்கள். உடை மாற்றுகிற அறைக்குப் போனேன். உன் கொக்கியில் நீ விட்டுப்போன சட்டையைக் காணோம், கீழே உன் வெள்ளைச் செருப்பைக் காணோம். இரண்டையும் துவைத்துத் துடைத்து, ஒரு பையில் போட்டு, என் நாற்காலி மேல் வைத்திருந்தார்கள், நான் உனக்கு எடுத்துக்கொண்டு வரவேண்டுமாம். கொக்கி மட்டும் சுவரில் மொட்டையாக நின்றது.

பையைக் கையில் தூக்கிக்கொண்டு போய், இதை யார் எடுத்தது, நான் எங்கேயும் போகவில்லை, யாருக்கும் எந்தப் பிரிவு விருந்தும் கொடுக்கவில்லை என்று கத்தினேன். பாட்டு நின்றுவிட்டது. கிரெமெனா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா, நெசமாவே போகலையா, நான் ராஜினாமாவைத் திரும்ப வாங்கிட்டேனே என்றாள். எதுக்கடி வாங்கினே, நான் ஒழியறேன்னா என்று கேட்டேன். இல்லக்கா, நீங்க போனா நெவேனாவுக்கு லீவு கேக்க ஆளிருக்காது, அந்த இடத்துக்கு ஒருத்தரைப் போடுவாங்க, எனக்கு வாரத்துல ஒரு நாளாவது புள்ளைங்களைத் தூங்க வெக்கக் கிடைக்கும்னு நெனச்சேன் என்றாள், அழவில்லை, சும்மா சொன்னாள், அதுதான் தாங்க முடியவில்லை. அவள் பாடியது நான் போவதற்காக இல்லை, உன் கொக்கி காலியாவதற்காக. நான் விடுவேனா, என் மகள் திரும்பி வந்தால் எங்கே நிற்பாள் என்றேன். கின்கா குறுக்கே வந்தாள். உம் பொண்ணை எங்களுக்கும் புடிக்கும் வசில்கா, அவ கல்யாணத்துக்கு நான் செருப்புத் தேய ஆடுவேன், ஆனா அவ போன நாள்லேர்ந்து அவ வேலைய யாரு செய்யறா, இந்தக் கொக்கியில மாட்டின சட்டையா, அது நைட் டியூட்டி பாக்குமா என்றாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா, உம் மகன் ஸ்பெயினுக்குப் போய் எத்தனை வருஷமாச்சு, அவன் கட்டிலை நீ ஏன்டி இன்னும் எடுக்கல என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், அந்தக் கட்டில் எங்க வீட்டுல கெடக்கு, நாந்தான் தூசி தட்டறேன், அதை ஊர்ல யார் தலையிலயும் ஏத்தி வெக்கல.

அன்றைக்குப் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். உன்மேல் கோபம், கின்காமேல் கோபம், எல்லோரையும்விட ரக்ன்ஹில்ட் மேல் கோபம், அவளைப் போல ஆகப்போய்த்தானே இத்தனையும். அவளைத் திட்டுவதற்கென்றே அந்த வாஃபிள் போட்டோவை எடுத்து மறுபடி பூதக்கண்ணாடி வைத்தேன். உங்களுக்குப் பின்னால் சுவரில் வரிசையாகக் கொக்கிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் மேலே பெயர் ஒட்டியிருக்கிறது. உன் பெயரும் இருக்கிறது, நெவேனா என்று, பக்கத்தில் ஒரு சின்னப் பூ கூட வரைந்திருக்கிறார்கள். அதை இதற்கு முன்னாலும் பார்த்து எரிந்திருக்கிறேன். இந்த முறைதான் பார்த்தேன், உன் பெயர்ச்சீட்டுக்கு அடியில் பழைய சீட்டு ஒன்றின் ஓரம் கிழிந்து நீட்டிக்கொண்டிருக்கிறது. உனக்கு முன்னால் அந்தக் கொக்கியில் யாரோ ஒருத்தி கோட் மாட்டியிருக்கிறாள். அவளும் எங்கேயோ போயிருப்பாள், அவளுக்கும் ஒரு அம்மா இருப்பாள். ரக்ன்ஹில்ட் அந்தப் பெண்ணுக்காகக் கொக்கியைக் காலியாக வைத்துக்கொண்டு, என் மகளிடம் இங்கே இடமில்லை போ என்று சொல்லியிருந்தால் நீ என்ன ஆகியிருப்பாய். என் பொறாமை இருக்கிறதே, அது அந்த நேரத்தில் எனக்குச் சொன்னது நல்ல வார்த்தை இல்லை, அவளால் முடிந்தது உன்னால் முடியாதா என்றுதான் கேட்டது. பாசம் வந்து செய்தேன், ஞானம் வந்து செய்தேன் என்றெல்லாம் நினைத்துக்கொள்ளாதே. அவளிடம் தோற்கக்கூடாது என்று செய்தேன். மறுநாள் காலையில் பெரிய டாக்டரிடம் போய், என் மகளுக்கு இனி லீவு வேண்டாம், அவள் இடத்துக்கு ஆள் போடுங்கள் என்றேன். அவர் எழுந்து நின்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அந்த அறையைவிட்டு வெளியே வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன், கண்ணே, நீ இன்றுதான் ஊரைவிட்டுப் போன மாதிரி இருந்தது.

வந்திருப்பவள் நஸ்மியே. மலைக்கு அந்தப் பக்கத்துத் துருக்கிக் கிராமத்துப் பெண். முன்பே இந்த வேலைக்கு என்னிடம் வந்து கேட்டிருக்கிறாள், இடமில்லை என்று நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். முதல் நாளே ஒரு தட்டு பக்லாவா இனிப்போடு வந்தாள். என்ன விசேஷம் என்று கின்கா கேட்டாள், வேலை கெடச்சிருக்கு என்றாள், எல்லோரும் நல்லாயிரு என்று எடுத்துக்கொண்டார்கள். பார், காரணம் இருந்தால் எவ்வளவு சுலபம். ஒரு துண்டு மிஞ்சவில்லை, விரலைக்கூட நக்கினார்கள், என் பனித்சாவை அப்படித் தின்றார்களா. உன் கொக்கியில்தான் கோட் மாட்டுகிறாள். உன்னளவுக்கு ஊசிக்கு நரம்பு பிடிக்க வராது என்று எழுதலாம் என்றுதான் பார்த்தேன், பொய் எழுதக் கை வரவில்லை, நன்றாகவே பிடிக்கிறாள். நோயாளிகள் அதற்குள் அவளைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், அதைக் கேட்டால் உனக்காக எனக்கு எரிகிறது. கிரெமெனா இருந்துவிட்டாள், வார்டும் இருக்கிறது. வட்டமாக உட்கார்ந்து மனசு விட்டுப் பேசுவது மட்டும் எங்களுக்கு வரவே இல்லை, ரக்ன்ஹில்ட்டிடம் சொல்லாதே. ஆனால் இப்போது டியூட்டி முடிந்ததும் ஆளுக்கொரு காப்பி குடிக்கிறோம், குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்க்கிறோம், கின்கா வண்டலைப் பார்த்துக் குறி சொல்கிறாள். கிரெமெனா கோப்பையில் காலையிலிருந்து உட்காராத ஒரு பெண் தெரிகிறாளாம், நாளைக்கு யாராவது அவள் பார்க்கிற அறைகளில் இரண்டை ஏற்றுக்கொள்ளாவிட்டால் முட்டி போய்விடுமாம். இன்னொருத்தி கோப்பையில் தொப்பை வைத்த டாக்டர் ஒருவர் காரணமில்லாமல் கத்துகிறாராம். எல்லோரும் சிரிக்கிறார்கள், யாருக்கு என்ன பாரம் என்று வண்டல் சொல்லிவிடுகிறது, மறுநாள் நான் அதன்படி டியூட்டி போடுகிறேன். கட்டில் விஷயத்துக்கு நான் கின்காவிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் என் கோப்பையை ஒரு நாள் ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்னடி தெரியுது என்றேன். ஒரு பூதக்கண்ணாடி தெரியுது, அதை உன் புருஷங்கிட்ட குடுத்துடு என்றாள்.

கொடுத்துவிட்டேன். உன் வெள்ளைச் செருப்பை மட்டும் கொடுக்கவில்லை, தோட்டத்துக்குப் போட்டுக்கொள்ளலாமா என்று உன் அப்பா கேட்டார், கொன்றுவிடுவேன் என்றேன். வாசல் கதவுக்குப் பின்னால் விருந்தாளிகளுக்கு வைக்கிற செருப்பு வரிசையில் அதை வைக்கவில்லை, நம் செருப்புகளோடு வைத்திருக்கிறேன். வார்டில் உனக்கு இடம் இல்லை நெவேனா, இனிமேல் வேலைக்கென்று நீ இங்கே வரவேண்டாம், அங்கேயே உன்னை வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இதை எழுத எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று சொல்லமாட்டேன். ராத்திரி டியூட்டி முடிந்தால் நேராகப் படுத்துக்கொள், வெறும் காப்பியில் நாளை ஓட்டாதே, சூப்பு வைத்துக் குடி. கண் சிவந்தால் வீட்டில் இரு, அவள் சொல்லும் முன்பே இரு, அம்மா சொன்னாள் என்று வைத்துக்கொள். மார்தெனித்சாவை அங்கே முதலில் எந்த மரம் பூக்கிறதோ அதில் கட்டு, நம் ஊர் மாதிரி நாரையைப் பார்த்த பிறகுதான் கழற்றுவேன் என்று காத்திருக்காதே, அந்தக் குளிருக்கு நாரை வருமா என்று எனக்குச் சந்தேகம். ரக்ன்ஹில்ட்டுக்கும் ஒன்று இதற்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறேன், சின்னதுதான், முடிச்சு எப்படிப் போடுவது என்று அவள் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும். உன் உடம்பும் மனசும் வெயில் பட்ட ரொட்டி மாதிரி கதகதப்பாக இருக்கட்டும், உன் கை தொட்டவர்கள் எல்லோரும் பிழைத்து எழட்டும். கோடையில் உன் அறையில் புதுத் தலையணை போட்டு வைப்பேன், பத்து நாளாவது வந்து இரு. நீ வந்த மறுநாள் காலையில் இந்த ஊர்க் கடையிலேயே பெரிய மிட்டாய்ப் பெட்டியாக வாங்கிக்கொண்டு வார்டுக்குப் போவேன். கின்கா ஒன்றை எடுத்துக்கொண்டு, வாயில் போடாமல், என்ன விசேஷம் வசில்கா என்று கேட்பாள். அன்றைக்கு நான் சும்மா என்று சொல்லமாட்டேன்.

என்றும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
உன் அம்மா வசில்கா
(அப்பாவும் முத்தம் அனுப்புகிறார், கட்டைவிரலைச் சாக்குச் சொல்லிக் கையெழுத்துப் போட மறுக்கிறார்.)